ஒன்றே கால் ரூபாயில் ஒரு மாதம்

14 பிப்ரவரி 1966, திங்கள்

கத்தரிக்காயில் உப்பு அதிகம். மனோரமாவிடம் சொல்ல வாயெடுத்து, சொல்லவில்லை. தம்பி பெண்டாட்டி சமையலில் குறை சொல்ல எனக்கு என்ன பாத்தியதை.

கை கழுவிவிட்டு வந்தால் ரமணன் ஒரு காகிதத்தை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறான். சர்க்கார் அறிவிப்பு. மணிலாக் கடலை உடைக்கும் கொட்டகைகளில் பெண்ணாளுக்கு இப்போது குறைந்தபட்சக் கூலி நாளைக்கு ஒன்றே கால் ரூபாய். அதை ஒன்றே முக்கால் ஆக்க உத்தேசம். ஆட்சேபம் உள்ளவர்கள் எழுதலாம். ஏப்ரலில் அதிகாரி ஒருவர் செஞ்சிக்கே வந்து இரண்டு தரப்பையும் விசாரிப்பார். ஊரில் கொட்டகை வைத்திருப்பவர்கள் பதினோரு பேர். அவர்களுக்கு என் தம்பிதான் செகரட்டரி.

"அக்கா, இங்கிலீஷ்ல ஒரு பதில் எழுதிக் குடு. இப்ப குடுக்கறதே ஒரு பொம்பளைக்குத் தாராளம்னு. நீ எகனாமிக்ஸ் படிச்சவ. நீ எழுதினா கனமா இருக்கும்."

"போதாதே" என்றேன்.

"இன்னா போதாது?"

"ஒன்றே கால் ரூபாய் போதாது ரமணா. அரிசி விற்கிற விலையில் எப்படிப் போதும்?"

சிரித்தான். அப்பா மாதிரியே மூக்கால் சிரிக்கிறான். "அரிசி இன்னா விலைன்னு உனக்குத் தெரியுமா? எட்டு வருஷத்துல ஒரு நாளாவது நீ அரிசி வாங்கியிருக்கியா?"

சமையலறையில் மனோரமா பாத்திரம் தேய்ப்பதை நிறுத்தினாள். காது கொடுக்கிறாள் என்று தெரிந்தது. அவன் சொன்னது பொய்யில்லை. 1958இல் அவர் போனபின் ஒரு டிரங்குப் பெட்டியோடு வந்தேன். அன்றிலிருந்து இந்த வீட்டு அரிசி.

16 பிப்ரவரி

ஆட்சேபத்தில் ஒரு வரியும் எழுதவில்லை. அவனும் கேட்கவில்லை. எனக்குப் போக வேறு இடமில்லை என்று தெரிந்தவனுக்கு அவசரம் ஏது.

17 பிப்ரவரி, வியாழன்

என் அறை ஜன்னல் கொட்டகையின் பின்வாசலைப் பார்த்தபடி இருக்கிறது. தினமும் சாயங்காலம் ஐந்தரைக்கு அங்கே ஒரு சத்தம் கேட்கும். நாற்பது பெண்கள் வரிசையாக வாய் கொப்பளித்துத் துப்பும் சத்தம். எட்டு வருஷமாகக் கேட்கிறேன். இன்றைக்குத்தான் ஜன்னலில் நின்று முழுதாகப் பார்த்தேன்.

மேஸ்திரி ஆதிமூலம் ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருக்கிறார். ஒவ்வொருத்திக்கும் ஒரு டம்ளர் தண்ணீர். அவள் கொப்பளித்து முன்னாலிருக்கும் பேசினில் துப்ப வேண்டும். பகலில் கடலையைத் தின்றிருந்தால் தண்ணீர் பாலாக வரும். பேசின் உள்பக்கம் கருநீல எனாமல். வெள்ளை பளிச்சென்று தெரியட்டும் என்று ரமணன் திண்டிவனத்திலிருந்து தேடி வாங்கியது. சந்தேகம் வந்தால் மேஸ்திரி விரலை விட்டுக் கடைவாயைத் தடவிப் பார்ப்பார். முதல் தடவை பிடிபட்டால் மூன்று நாள் கூலி பிடித்தம். இரண்டாம் தடவை என்றால் வேலை கிடையாது.

எங்கள் வீட்டுக்கும் வேலைக்கு வருகிற அம்மாக்கண்ணு துப்பிவிட்டு முந்தானையால் வாயைத் துடைத்தபடி நிமிர்ந்தாள். ஜன்னலில் என்னைப் பார்த்தாள். நான் திரையை இழுத்துவிட்டேன். ஏன்?

20 பிப்ரவரி, ஞாயிறு. அமாவாசை

கொட்டகைப் பெண்கள் எல்லாரும் மேல்மலையனூர் அம்மன் கோயிலுக்குப் போய்விட்டார்கள். மாசி மாத அமாவாசை. பஸ்ஸில் கால் வைக்க இடமில்லை என்று ரமணன் சொன்னான். அம்மாக்கண்ணு மட்டும் போகவில்லை. ஞாயிறுகளில் எங்கள் பின்கட்டைப் பெருக்க வருவாள். பழைய சோறும் குழம்பும் கொண்டுபோவாள். என் வயதுதான் இருக்கும். புருஷன் கல்லுடைக்கப் போன இடத்தில் சில்லு தெறித்து ஒரு கண் போய், இப்போது மற்றதும் மங்கிக்கொண்டு வருகிறது. பெண் இரண்டு. மூத்தவள் செந்தாமரை எட்டாவது படிக்கிறாள்.

"நீ போகலையா?" என்றேன்.

"பஸ்ஸுக்குக் குடுத்தா ஆத்தா வந்து உலை வெப்பாளா?" என்றாள். பிறகு விளக்குமாற்றைச் சுவரில் சாத்திவிட்டு, "யம்மா, எட்டணா ஏத்தப் போறாங்களாமே, மெய்யாலுமா? ஏத்துனா எங்க பெரியவள ஒம்பதாவது சேத்துருவேன். இல்லாட்டி வர்ற தையிலயே கொட்டாய்க்கு இட்டாந்துருவேன்" என்றாள்.

மத்தியானம் சாப்பாட்டின்போது நானே பேச்சை எடுத்தேன். எடுத்திருக்க வேண்டாம். ஞாயிறும் அமாவாசையும் கூலியில்லாத நாட்கள், அன்றைக்கும் வயிறு இருக்கிறதே என்றேன். ரமணன் சாதத்தைப் பிசைவதை நிறுத்தவில்லை.

"சரி. நீ இருந்து காட்டேன்."

"என்ன?"

"மார்ச் மாசம் பூரா. அதே ஒன்னே கால். ஞாயித்துக்கிழமை கிடையாது, அமாவாசை கிடையாது. பின்னாடி சாமான் ரூம்ல இரு, தனியா பொங்கிக்கோ. வாடகை வேணாம், வேலையும் செய்ய வேணாம். முடியலைன்னா வந்து முடியலைன்னு சொல்லு. நானே முதல் ஆளா எட்டணாவுக்கு சம்மதம்னு கையெழுத்துப் போடறேன், மத்த பத்து பேரையும் போட வெக்கறேன். முடிஞ்சுதுன்னா நீ ஆபீசர் முன்னாடி வந்து போதும்னு சொல்லணும்."

"ஒரு வாரம் தாங்குவீங்களா அண்ணி? காபி இல்லாம?" என்றாள் மனோரமா. சிரிக்காமல்தான் கேட்டாள்.

ஒரு மாதம் தாங்குவேன் என்றேன்.

இப்போது எழுதும்போதுதான் உறைக்கிறது. அவள் கேட்டதற்கு, "தாங்க மாட்டேன், அதைத்தானே சொல்கிறேன்" என்பதல்லவா சரியான பதில்?

1 மார்ச், செவ்வாய்

சாமான் அறை. கோணி வாசனை. ஒரு மண் அடுப்பு, இரண்டு பாத்திரம், பாய். காலையில் கேழ்வரகுக் கஞ்சி. பத்து மணிக்குத் தலைவலி ஆரம்பித்தது. காபிக்குத்தான்.

2 மார்ச்

தலைவலி.

5 மார்ச், சனி

கூலி நாள். வீட்டில் வைத்துத் தருவான் என்று நினைத்தேன். "வரிசையில வா அக்கா, சட்டம் எல்லாருக்கும் ஒன்னு" என்றான். நாற்பது பேருக்குப் பின்னால் நின்றேன். பெண்கள் விலகி முன்னால் போகச் சொன்னார்கள். ஆதிமூலம் பதறி எழுந்தார். ரமணன் கையமர்த்தினான்.

மஸ்டர் ரோல் என்கிற கூலிப் பதிவேட்டில் எல்லார் பெயருக்கு நேராகவும் மசிக் கைநாட்டு. என் முறை வந்ததும், "கையெழுத்து போடு. பி.ஏ.வையும் சேத்துப் போடு" என்றான். நீலாவதி, பி.ஏ. என்று போட்டேன். அப்பா விட்டுப்போன கொட்டகையில் என் பங்கை அவனுக்கு எழுதிக் கொடுத்த அன்றும் அவன் அப்படித்தான் போடச் சொன்னான்.

ஐந்து நாள் கூலி. ஆறே கால் ரூபாய் உள்ளங்கையில் இருந்தது. வெட்கப்படுவேன் என்று நினைத்தான். எனக்கு ஏதோ பெருமையாக இருந்தது. பி.ஏ. வாங்கி இருபது வருஷத்துக்குப் பிறகு என் பெயரில் முதல் கூலி.

9 மார்ச், புதன்

தந்திரங்கள் பழகிவிட்டேன். புளித்தண்ணீரில் ஒரு மிளகாய் கிள்ளிப் போட்டால் சோறு இறங்கிவிடும். மத்தியானம் படுத்துவிட்டால் பசி பாதி. சீப்பைத் தண்ணீரில் நனைத்து வாரினால் எண்ணெய் வேண்டாம். வெல்லம் ஒரு துண்டு வாங்கி நாளைக்கு ஒரு கிள்ளு.

மனோரமா என் அறை வழியாகத்தான் கிணற்றடிக்குப் போகிறாள். நெய் முறுகும் வாசனை அவளுக்கு முன்னால் வருகிறது. தினம் நெய் காய்ச்சுகிற வீடா இது?

காலேஜில் ஒரு வெள்ளைக்கார அம்மாள் எங்களுக்குக் கூலித் தத்துவம் நடத்தினாள். உயிர் தரித்திருக்கவும், அடுத்த தலைமுறைத் தொழிலாளியை வளர்க்கவும் போதுமானது எதுவோ அதுவே அடிமட்டக் கூலி என்று கரும்பலகையில் எழுதினாள். நான் வளர்க்க யாருமில்லை. என் கணக்கே பிசகு. நாலு பேர் தின்கிற கூலியை நான் ஒருத்தி தின்கிறேன். அம்மாக்கண்ணு வீட்டில் நாலு பேர். இதை ரமணனிடம் சொன்னேன்.

"ஆபீசர்கிட்ட சொல்லு. ஆனா பந்தயம் அதில்லை" என்றான்.

13 மார்ச், ஞாயிறு

அம்மாக்கண்ணு பின்கட்டைப் பெருக்க வந்தாள். என் அறை வாசலில் குந்தி உட்கார்ந்தாள். உள்ளே வரவில்லை, நானும் கூப்பிடவில்லை. என் கஞ்சிப் பாத்திரத்தை எட்டிப் பார்த்தாள்.

"இளைச்சிட்டியேம்மா."

"பரவாயில்லை."

"கொட்டாயில எல்லாரும் உன்னியப் பத்திதான் பேச்சு. நீ தோத்தா எங்களுக்கு எட்டணாவாமே?"

ஆமாம் என்றேன்.

"அப்போ தோத்துடேம்மா."

எவ்வளவு சுலபமாகச் சொல்லிவிட்டாள். அவளே தொடர்ந்தாள்: "நாளைக்குக் காலில போயி, தம்பீ, முடியலைடான்னு சொல்லு. உனுக்குக் காப்பி. எங்களுக்கு எட்டணா. இதுல இன்னா கஸ்டம்?"

"பொய் சொல்லச் சொல்கிறாயா? பாதி மாதம்கூட ஆகவில்லை, எனக்கு முடிகிறதே."

"முடியும்மா. உனுக்கு ஏன் முடியாது? குந்தினு இருக்கற வயிறு. மூட்டை தூக்கற வயிறா அது? சாயங்காலம் ஊட்டுக்குப் போனா இன்னொரு மூணு வாயி தொறந்துகினு நிக்குதா உனுக்கு?" எழுந்து பின்புறத்தைத் தட்டிக்கொண்டாள். "ரோசம் பெரிசாத்தான் இருக்குது. அத்தத் தின்னுதான் உசுரோட கீறியோ இன்னாவோ."

கூலிக்காரி பேசுகிற பேச்சா? கோபம் வந்தது. சாயங்காலம் வரை இருந்தது. அவள் சொன்னதில் எது பொய் என்று தேடிக்கொண்டிருந்தேன்.

14 மார்ச்

தோற்கலாம். இன்றே தோற்கலாம். காலையில் முற்றம் வரை போனேன். ரமணன் காபியை ஆற்றிக்கொண்டே, "இன்னா அக்கா, வந்துட்டியா? மனோ, இன்னொரு டம்ளர் எடுத்து வை" என்றான். மனோரமா டம்ளரை ஏற்கெனவே எடுத்து வைத்திருந்தாள். ஓரத்தில் என் டம்ளர், தயாராக.

தீப்பெட்டி கேட்க வந்தேன் என்று சொல்லி, காசு கொடுத்து வாங்கிக்கொண்டு திரும்பினேன்.

19 மார்ச், சனி

வரிசையில் நிற்கும்போது கண் இருட்டியது. சுவரைப் பிடித்துக்கொண்டேன். யாரும் கவனிக்கவில்லை. அம்மாக்கண்ணு கவனித்தாள்.

22 மார்ச், செவ்வாய். அமாவாசை

கூலி இல்லை. நேற்று முன்தினமும் ஞாயிறு. அரிசி முடிந்துவிட்டது. உடைந்த கேழ்வரகு இரண்டு பிடி. கோட்டை பார்க்கச் சென்னையிலிருந்து காலேஜ் பெண்கள் பஸ்ஸில் வந்திருந்தார்கள். ராஜகிரி மலைக்குப் போகிற பாதை ஓரம் உட்கார்ந்து புளியோதரைப் பொட்டலம் பிரித்தார்கள். ஒருத்தி பாதியை அப்படியே நாய்க்கு வைத்தாள். நான் அந்த நாயை எவ்வளவு நேரம் பார்த்துக்கொண்டு நின்றேன்!

இன்னும் ஒன்பது நாள்.

24 மார்ச், வியாழன்

இதை எழுதியாக வேண்டும். வேறு எங்கே சொல்வேன்.

குந்திக்கொண்டிருக்கிற வயிறு என்று அவள் சொன்னது பத்து நாளாகக் குத்திக்கொண்டே இருந்தது. இன்று காலை கொட்டகைக்குப் போனேன். நானும் பொறுக்குகிறேன் என்றேன். ஆதிமூலம் முறத்தைத் தர மாட்டேன் என்றார், ரமணன் திண்டிவனம் போயிருந்தான், நானே எடுத்துக்கொண்டேன். அம்மாக்கண்ணு பக்கத்தில் உட்கார்ந்து சொத்தைக் கடலையைத் தள்ளி, நல்லதைக் கூடையில் போட்டேன். தூசி. உமி மூக்கில் ஏறுகிறது. முதுகு பிளந்துவிடும் போல. மத்தியானம் அவர்கள் தூக்கு வாளியைத் திறந்தபோது நான் தண்ணீர் குடித்தேன்.

மூன்று மணி இருக்கும். மிஷினை நிறுத்தி பெல்ட் மாட்டிக்கொண்டிருந்தார்கள். என் முறத்தில் பருப்பு. ரோஜா நிறத் தோல். கை தானாகப் போனது. ஒன்று. பிறகு ஒரு பிடி. பிறகு இன்னொரு பிடி. மென்றுகூட முடிக்கவில்லை, விழுங்கினேன். எவ்வளவு ருசி, எவ்வளவு ருசி.

நிமிர்ந்தால் அம்மாக்கண்ணு பார்த்துக்கொண்டிருந்தாள். ஏளனமில்லை. அவள் முகத்தில் ஒரு சிரிப்பு வந்தது. ஜெயித்தவள் சிரிப்பு. "தோத்துட்டியேம்மா" என்றாள் மெதுவாக. "அவ்ளோதான். போதும். போயி சொல்லிடு."

எனக்கு உடம்பெல்லாம் கூசியது. அடுத்து நான் செய்தது — இதை மாற்றி எழுத மாட்டேன் — முறத்திலிருந்து ஒரு பிடி அள்ளி அவள் மடியில் போட்டேன். "நீயும் சாப்பிடு" என்றேன். இரக்கமா? இரக்கம் என்று அப்போதே எனக்குச் சொல்லிக்கொண்டேன். இல்லை. தின்றது நான் மட்டும் என்று இருக்கக் கூடாது.

தயங்கினாள். "வாயப் பாப்பாங்களேம்மா."

"நான் கொடுக்கிறேன். யார் கேட்பார்கள்?"

தின்றாள்.

ஐந்தரைக்கு வரிசை. நான் முன்னால். ஆதிமூலம் எழுந்து வழிவிட்டார்: "நீங்க போங்கம்மா." எனக்கு டம்ளர் நீட்டவில்லை. நான் வெளியே போய் வேப்பமரத்தடியில் நின்றேன். அவளுக்கு டம்ளர் நீட்டினார். துப்பினாள். எட்ட நின்றே தெரிந்தது. நீலத்தில் பால்.

"ரெண்டாவது வாட்டி" என்றார் ஆதிமூலம்.

ஏற்கெனவே ஒரு தடவை பிடிபட்டவள் என்று எனக்குத் தெரியாது என்று எழுத ஆசை. தெரியும். தை மாதம் ஜன்னலில் கேட்டிருக்கிறேன்.

"அம்மா குடுத்தாங்க. கேட்டுப் பாரு, தோ நிக்கிறாங்க. அவங்களும்தான் தின்னாங்க."

நாற்பது பேரும் திரும்பினார்கள். ஆதிமூலம் பேசினைக் கையில் எடுத்துக்கொண்டு, "இன்னாம்மா, குடுத்தீங்களா?" என்றார். மரியாதையாகத்தான் கேட்டார்.

கொடுத்தேன் என்றால் தின்றேன் என்றாகும். தின்றேன் என்றால் மார்ச் போயிற்று. அந்த ஓரத்து டம்ளர் கண்ணில் வந்தது. அது ஒன்றுதான் வந்தது. செந்தாமரை வரவில்லை, எட்டணா வரவில்லை, நாற்பது பேர் வரவில்லை.

"இல்லை" என்றேன்.

25 மார்ச்

இன்று கஞ்சியை வீணாக்காமல் குடித்தேன்.

26 மார்ச், சனி

கூலி வாங்கித் திரும்பினால் அம்மாக்கண்ணு கிணற்றடியில் நிற்கிறாள். அழுவாள் என்று பயந்தேன். அழவில்லை.

"வேலைக்குன்னு வரலைம்மா. என் வேலை போனது போவட்டும். இன்னும் நாலஞ்சி நாள்தான் இருக்குது. தம்பியாண்ட சொல்லிடு, முடியலைன்னு. கடலை தின்னேன்னு சொல்லாத. எனுக்குக் குடுத்தேன்னும் சொல்லாத. ஒடம்பு முடியலைன்னு சொல்லு, யாரு இன்னா சொல்லப் போறா? சொல்லிடும்மா. மீதிப் பொம்பளைங்களாவது பொழைக்கட்டும்."

என் மானத்தையும் சேர்த்துக் காப்பாற்றி ஒரு வழி யோசித்துக்கொண்டு வந்திருக்கிறாள். என்னால் அதைத்தான் தாங்க முடியவில்லை. நான் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்:

"வாயைக் கட்டத் தெரியாதவளுக்கு எட்டணா ஏற்றினால் மட்டும் என்ன?"

அவள் முந்தானையை உதறிச் செருகிக்கொண்டாள். பிறகு, "உன் தம்பியேதாம்மா நீ" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

31 மார்ச், வியாழன்

முடிந்தது. சாயங்காலம் ரமணனே சாமான் அறைக்கு வந்தான். கதவில் சாய்ந்து பார்த்தான். பாய், அடுப்பு, மிச்சமிருந்த அரைப்படி கேழ்வரகு.

"மிச்சமே பிடிச்சிருக்கியே" என்றான். அவன் குரலில் கேலி இல்லை. முதல் தடவையாக என்னை மதித்தான். எட்டு வருஷமாக இதற்குத்தான் ஏங்கினேனா?

மனோரமா காபி கொண்டுவந்தாள். நுரை ததும்ப. குடித்தேன். வாந்தி வந்துவிட்டது. "வெறும் வயித்துல குடிச்சீங்க" என்று நெஞ்சைத் தடவிவிட்டாள். நல்லவள்தான்.

18 ஏப்ரல், திங்கள்

டிராவலர்ஸ் பங்களாவில் விசாரணை. அதிகாரி இளைஞர். தும்மிக்கொண்டே இருந்தார். பதினோரு முதலாளிகளும் நாற்காலிகளில். கதவுக்கு வெளியே வெயிலில் பெண்கள்.

ரமணன் மஸ்டர் ரோலை விரித்து என் கையெழுத்துகளைக் காட்டினான். அதிகாரிக்கு நம்ப முடியவில்லை. பி.ஏ.வா என்றார். எந்தக் காலேஜ் என்றார். தன் மூத்த அக்காவும் அங்கேதான் படித்தாள் என்றார். பிறகு தமிழில், மரியாதையாக, "வெளியிலிருந்து ஏதாவது உதவி, கடன், சாப்பாடு வாங்கினீர்களா அம்மா?" என்று கேட்டார்.

"இல்லை."

"ஒருத்திதான் சாப்பிட்டீர்கள், இல்லையா? குடும்பமாக இருந்தால்?"

வாசல் திறந்தே இருந்தது. இவ்வளவு நல்ல கேள்வியை அவரே எடுத்துக் கொடுத்தார். நான் மார்ச் ஒன்பதாம் தேதி எழுதி வைத்ததுதான் பதில். வாயைத் திறந்தேன். ரமணன் என்னைப் பார்க்கவில்லை. தன் மோதிரத்தைத் திருகிக்கொண்டிருந்தான். ஒருத்தி பேச ஆரம்பித்தால் எங்கே போய் நிற்பாள்? கடலை வரைக்கும் போவாள்.

"குடும்பத்தில் மற்றவர்களும் சம்பாதிப்பார்கள்" என்றேன்.

"அப்படியானால், ஒன்றே கால் ரூபாய் போதுமா?"

"போதும்."

டைப் அடித்தார்கள்.

வெளியே அம்மாக்கண்ணு கையைத் தூக்கினாள். "நான் ஒன்னு சொல்லணும் சார்." அதிகாரி யார் என்று கேட்டார். திருட்டுக்காக நீக்கப்பட்டவள் என்று ரமணன் இங்கிலீஷில் சொன்னான். அதிகாரி தலையை ஆட்டினார். அந்தக் கை இன்னும் கொஞ்ச நேரம் அப்படியே மேலே இருந்தது. பிறகு இறங்கியது.

9 ஜூலை, சனி

உத்தரவு வந்துவிட்டது. கூலியில் இப்போதைக்கு மாற்றம் தேவையில்லை. ரமணன் கும்பகோணம் பித்தளைக் காபி பில்டர் ஒன்று வாங்கிவந்தான், எனக்கென்று.

அந்த அதிகாரி ஒரே ஒரு சீர்திருத்தம் சிபாரிசு செய்திருக்கிறாராம். பெண்களின் வாயை ஆண் மேஸ்திரி சோதிப்பது முறையல்ல; அதற்கு ஒரு பெண்ணை நியமிக்க வேண்டும்.

10 ஜூலை

பின்கட்டைப் பெருக்க இப்போது வேறொருத்தி வருகிறாள். செந்தாமரை பள்ளிக்கூடத்திலிருந்து நின்றுவிட்டாளாம். அந்தப் புதியவள்தான் கேட்காமலே சொன்னாள்.

12 டிசம்பர் 1966, திங்கள்

சீசன் தொடங்கி ஒரு வாரம். இந்த வருஷம் ஆள் பற்றாக்குறை. பழைய ஆட்களையும் எடுத்துக்கொள்ளச் சொல்லிவிட்டான் ரமணன். ஐந்தரைக்கு வாய் சோதிக்க இப்போது நான்தான் பின்வாசலுக்குப் போகிறேன். ஸ்டூல், சொம்பு, டம்ளர், பேசின். எனக்கும் கூலி உண்டு. ஒன்றே கால். "போதும்னு நீதானே சொன்னே" என்றான். சாப்பாடு வீட்டில்தான். காபியும்.

நான் விரல் விடுவதில்லை. பார்த்தாலே தெரிந்துவிடும்.

இன்று வரிசையில் முப்பதாவதோ என்னவோ அம்மாக்கண்ணு. தலை பாதி வெளுத்திருந்தது. டம்ளரை வாங்கிக் கொப்பளித்துத் துப்பினாள். தெளிந்த தண்ணீர். என் முகத்தைப் பார்க்கவில்லை. அவளுக்குப் பின்னால் பதினான்கு வயதுப் பெண், அம்மாவின் பழைய புடவையை இரண்டாக மடித்துக் கட்டியிருந்தாள். வாயில் தண்ணீரை வைத்துக்கொண்டு துப்பாமல் நின்றாள். கன்னம் உப்பியிருந்தது. கண் அம்மாவிடம் போனது.

"துப்பு" என்றேன்.

துப்பினாள்.

பேசினில் மேகம் மாதிரி பரவியது. ஆதிமூலம் தள்ளி நின்று மூட்டை எண்ணிக்கொண்டிருந்தார், பார்க்கவில்லை. பேசினைச் சாய்த்தால் மண் குடித்துவிடும். ஒரு நொடி வேலை.

அம்மாக்கண்ணு திரும்பி வந்தாள். கெஞ்சுவாள் என்று நினைத்தேன். பெண்ணைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டு, பேசினைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள்.

"சொல்லும்மா" என்றாள். "அன்னிக்கு சொல்லுன்னு உன் கால்ல விழாத குறை. இன்னிக்காவது சொல்லு. அதுக்குத்தான உனுக்குக் கூலி."

ஆதிமூலம் நிமிர்ந்தார்.

சொன்னேன்.